பற்றவைக்காத சிகரெட்

“எனக்கு மத்தியானம் அரை மணி நேரம் வேணும், க்ளெனிஸ். தினமும் வேணும். அந்த நேரத்துல யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் கூடாது.”

கேட்டே விட்டாள். கேட்ட பிறகுதான் பில்யானாவுக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த அன்று காலையில் அவள் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தபடி அம்மா சொல்லியனுப்பியிருந்தாள்: “சம்பளம் கூடக் கேளு. நாற்காலி உடைஞ்சிருந்தா வேற நாற்காலி கேளு. ஆனா கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னு மட்டும் வாயத் தொறந்துடாதே. உக்காரணும்னு கேக்கறவளத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவானுங்க.”

அம்மா பள்ளிக்கூடங்களில் தரை துடைத்தே முட்டி தேய்ந்தவள். அப்பா போர்ட் கெம்ப்ளா உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்றே பாதி வெந்தவர். மாசிடோனியாவிலிருந்து கப்பலேறி வந்த அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் பில்யானா. அந்தப் பட்டமளிப்புப் படம் கூடத்தில் புனித நிக்கோலாவின் படத்துக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது. சாமிக்கே மேலே தொங்குகிறவள் போய் உட்கார நேரம் கேட்கலாமா?

க்ளெனிஸ் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். குடும்ப நல மையத்தின் மேலாளர் அவள். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம்: கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே ‘முதலில் உன்னைக் கவனி’ என்று எழுதியிருந்தது. அதன் ஒரு மூலை ஒட்டு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க ஆளில்லை.

“உனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படுதுன்னு உனக்குத் தோணுது.”

“தோணல. தேவைப்படுது.”

“தேவைப்படுதுன்னு நீ உணர்றது எனக்குப் புரியுது, கண்ணு.”

அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டு உதவுகிற இந்தத் தொழிலில் சேருகிற எல்லோருக்கும் முதல் வருடமே கற்றுக்கொடுக்கிற வித்தை இது. எதிரில் இருப்பவர் சொன்னதையே வாங்கி, மடித்து, இஸ்திரி போட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது. புதுத்துணி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு அவரும் எழுந்து போய்விடுவார். பில்யானாவும் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறாள். தன் சமையல் வாசனையில் சமையல்காரிக்குப் பசி எடுக்காததுபோல, அவளிடம் அது எடுபடவில்லை.

“திங்கட்கிழமை கெர்ரி வந்திருந்தா,” என்றாள் பில்யானா. “புருஷன் கதவ உடைச்ச கதையச் சொன்னா. நான் தலையாட்டினேன். சரியான இடத்துல எல்லாம் ‘ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்’னு சொன்னேன். நடுவுல அவ நிறுத்திட்டு, ‘நான் இப்ப என்ன சொன்னேன்?’னு கேட்டா. எனக்குத் தெரியல, க்ளெனிஸ். நான் என் மேஜை டிராயர்ல ஆறிப்போன பூரெக்க, அம்மா சுட்டுக் குடுத்த அடைச்ச ரொட்டிய, நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

கெர்ரி கத்தவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பில்யானாவுக்கு இருந்தது. தூங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கைப்பையின் ஜிப் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால், எதிரில் யார் உட்கார்ந்து அழுதாலும் தனக்குள் ஒன்றுமே அசையாமல் போய்விடும் என்று பயந்தாள். அந்த அலுவலகத்திலேயே அப்படி ஆகிப்போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

க்ளெனிஸ் தன் மேஜை டிராயரைத் திறந்து காட்டினாள். உள்ளே பாதி கடித்த பிஸ்கட் ஒன்று.

“இதுதான் என் மத்தியானச் சாப்பாடு. நான் உக்காந்து சாப்பிட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா?” விரதம் இருப்பவர்கள் பேசுகிற அதே பெருமை அவள் குரலில் இருந்தது. “இங்க யாரும் கடிகாரம் பாத்து வேலை செய்யறதில்ல. ஆனா நீ கேட்டது வீண் போகாது. சுயபராமரிப்பு பத்தி ஒரு பயிலரங்கம் வெக்கலாம்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். வியாழக்கிழமை. எல்லாரும் கட்டாயம் வரணும்.”

“எத்தனை மணிக்கு?”

“மத்தியானம்தான். சாப்பாட்டு நேரத்துல வெச்சா வேலை கெடாது பாரு.” க்ளெனிஸின் முகம் மலர்ந்தது. “நீயே ஏற்பாடு பண்ணிடேன். இனிமே நீதான் நம்ம சுயபராமரிப்புப் பொறுப்பாளர்!”

பசிக்குச் சோறு கேட்கப் போனவளுக்குப் பந்தி பரிமாறுகிற வேலை கிடைத்தது.

*

பயிலரங்கம் நடத்தப் பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் இமோஜென் வந்தாள். பிறருக்கு உதவுகிறவர்கள் எப்படி ஓய்ந்துபோகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவளைப் பார்த்தாலே அந்த ஆராய்ச்சியின் முடிவு தெரிந்தது. தாமதமாக ஓடிவந்தாள். ஒரு கையால் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே மறு கையால் மடிக்கணினியைத் திறந்தாள். ‘எல்லைகள் வகுப்போம்’ என்ற பக்கம் திரையில் வருவதற்குள் அவள் போன் ஐந்தாறு தரம் அலறிவிட்டது.

“எல்லாரும் கண்ண மூடுங்க. மூச்ச நல்லா உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சுக்கங்க...”

போன் அடித்தது. “மன்னிச்சுக்கங்க, என் மாணவி, நாளைக்கு ஆய்வேடு குடுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே தாழ்வாரத்துக்கு ஓடினாள். அறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேஜை ரெய்லீன்தான் முதலில் புஸ்ஸென்று விட்டாள்.

“நான் விட்டுட்டேன்பா. செத்தா அதுக்கு வேற விபத்து அறிக்கை எழுதணும்.” எழுந்தாள். “நான் போய் ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வர்றேன்.”

அப்போதுதான் பில்யானா அதைப் பார்த்தாள். க்ளெனிஸ் கண்ணைத் திறந்து, முறைக்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், முழங்காலை மடக்கி ரெய்லீனுக்கு வழிவிட்டாள். கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவருக்கு வழிவிடுவதுபோல.

அதன்பிறகு பில்யானா காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தாள். அவள் பூரெக்கை வாய்க்குக் கொண்டுபோகும்போது போன் வந்தால், “சும்மா சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கா, குடுக்கறேன்” என்பார்கள். ரெய்லீனுக்குப் போன் வந்தால், “வெளிய சிகரெட் பிடிக்கப் போயிருக்கா” என்பார்கள். மறுமுனையில் இருப்பவரும், அது அமைச்சர் அலுவலகமாகவே இருந்தாலும், “அப்ப அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுவார். புகை இடைவேளைக்கு இங்கே ஸ்மோகோ என்று பேர். ஸ்மோகோ என்றால் ஸ்மோகோதான். இந்த நாட்டில் அதில் மட்டும் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி. விஷத்தை ஊதிக்கொண்டு நின்றால் தொழிலாளி.

மறுநாள் அவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு குப்பைத்தொட்டிகளின் பக்கம் போனாள். அங்கே ரெய்லீன் சுவரில் ஒரு காலை ஊன்றி, கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

“ரெய்லீன், ஒரு சிகரெட் குடுங்க.”

“அடிப்பாவி! நீ எப்போ ஆரம்பிச்ச?”

“ஆரம்பிக்கல. பத்தவெக்க மாட்டேன். கையில வெச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான்.”

ரெய்லீன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். புரிந்ததும் புகை மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத்தன வருஷத்துல என்கிட்ட நெருப்பு கேட்டவங்க உண்டு, காசு கேட்டவங்க உண்டு. நிக்க எடம் கேட்டவ நீதான்டீ.” பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். “பிடிக்கற விதம் சரியில்ல. பேனா மாதிரி பிடிக்காத. படிச்ச புத்திய கொஞ்சம் கழட்டி வை. ஆங், அப்படி. இப்ப தூரத்துல எதையோ பாரு. உன் வீட்டு எரிவாயு பில்ல நினைச்சுக்கோ. அருமை! பொறந்ததுலருந்து ஊதற மாதிரி இருக்க.”

அதே ஒரு சிகரெட்டைத்தான் பில்யானா வாரக்கணக்கில் வைத்திருந்தாள். காகிதம் மஞ்சளாகி, நடுவில் மடங்கி, புகையிலை உதிர்ந்து, வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கையில் அது. மறு கையில் அம்மா சுட்டுக்கொடுத்த பூரெக். சுடச்சுட இல்லாவிட்டாலும் நிம்மதியாகத் தின்றாள். உள்ளே பாலாடைக்கட்டியில் அம்மா கொஞ்சம் கீரையும் சேர்த்திருப்பது இத்தனை நாள் அவளுக்குத் தெரியவே தெரியாது. குப்பைத்தொட்டிகளுக்கு மேலே உருக்காலைப் புகைபோக்கி தெரிந்தது. அதற்கும் அப்பால் ஒரு துண்டு கடல். தின்றுவிட்டுச் சும்மா நின்றாள்.

ஒருநாள் கெர்ரி தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். “உனக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்கலாம்னு வந்தேன்” என்றாள், ஏதோ இவள்தான் உதவி கேட்டு வந்தவள்போல. பில்யானா கேட்டாள். முழுசாகக் கேட்டாள். கதவின் நிறம் பச்சை என்பதுவரை கேட்டாள். போகும்போது கெர்ரி, “இன்னிக்கு இங்கதான் இருந்த” என்றாள். அந்த மாதம் பில்யானாவுக்குக் கிடைத்த சம்பளம் அதுதான்.

*

ஆனால் உதவி செய்கிறவர்கள் நிறைந்த இடத்தில் ஒருத்தி ரொம்ப நாள் ரகசியமாக நன்றாக இருக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்ட அறைக்குள் நுழைந்த பில்யானா வாசலிலேயே நின்றாள். நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. இந்தத் தொழிலில் நாற்காலி வட்டமாகக் கிடந்தால் யாருக்கோ சனி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பாவம், யாருக்கோ தெரியவில்லையே என்று பார்த்தாள். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதன் பக்கத்தில் கண் துடைக்கிற காகிதப் பெட்டி.

“உக்காரு, கண்ணு,” என்றாள் க்ளெனிஸ். “நாங்க எல்லாரும் உன்மேல இருக்கற அக்கறையிலதான் இங்க இருக்கோம்.”

வீட்டுவசதிப் பிரிவு ஏட்ரியனுக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது. “எங்க தாத்தாவும் இப்படித்தான் ஆரம்பிச்சார், பில்யானா. கொல்லப் பக்கம். குப்பத்தொட்டி ஓரம். நுரையீரல்லதான் போனார்.”

“நான் சிகரெட் பிடிக்கறதே இல்ல.”

வட்டம் முழுக்க ஒரே மாதிரி தலையை ஆட்டியது. மெதுவாக, கருணையோடு.

“மறுக்கறது ரொம்ப இயல்பு,” என்றாள் க்ளெனிஸ்.

“மறுக்கல! உண்மையச் சொல்றேன்!”

“கோபம் வர்றதும் இயல்புதான்.”

உதவி செய்கிறவர்கள் சாதிக்கே உரிய வியாதி இது. இவர்களிடம் ‘ஆமாம்’ என்றால் ஆமாம். ‘இல்லை’ என்றாலும் ஆமாம். வாயை மூடிக்கொண்டிருந்தால், ரொம்ப ஆமாம். பில்யானா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். சட்டைப்பையிலிருந்து அந்த ஒற்றைச் சிகரெட்டை எடுத்து நீட்டினாள்.

“பாருங்க! ஒரே சிகரெட். வாரக்கணக்கா இதுதான். நுனியப் பாருங்க, கருகியிருக்கா? பத்தவெக்கவே இல்ல!”

ஏட்ரியன் அதைப் பார்த்தான். மடங்கி, கசங்கி, உதிர்ந்துபோன அந்த வைக்கோலைப் பார்த்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“எவ்வளவு போராடியிருக்கா பாருங்க,” என்று தேம்பினான்.

வரவேற்பு மேஜைப் பக்கமிருந்து ரெய்லீன் இருமுகிற சத்தம் கேட்டது. அது இருமல்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

க்ளெனிஸ் முன்னால் குனிந்து பில்யானாவின் கையைப் பிடித்தாள். “நாங்க எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டோம். சிகரெட்ட விடறதுக்கு ஆஸ்பத்திரியில ஆலோசனை தர்றாங்க. ஒவ்வொரு புதன்கிழமையும் மத்தியானம் ஒரு மணி நேரம் நீ போற. சம்பளத்தோட. அந்த நேரத்துல யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

பில்யானாவின் வாய் திறந்தபடி நின்றது. இருக்கிற பசிக்கு அரை மணி நேரம் கேட்டாள், கிடைக்கவில்லை. இல்லாத நோய்க்கு ஒரு மணி நேரம் தாம்பாளத்தில் வைத்துத் தருகிறார்கள். கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஏறியது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு ஏதோ கணக்குப் போட்டபடி மெல்ல இறங்கியது. அவள் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். உலர்ந்த கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“முயற்சி பண்றேன்,” என்றாள், தழுதழுத்து.

எல்லோரும் கை தட்டினார்கள்.

*

ஆனால் கொல்லைப்புறம் கைவிட்டுப் போயிற்று. பில்யானா கதவுப் பக்கம் திரும்பினாலே ஏட்ரியன் நறுக்கிய கேரட் டப்பாவோடு குறுக்கே வந்து நின்றான். “ஆசை வந்தா இதக் கடி” என்றான். அவள் அங்கேயே நின்று கடிக்க வேண்டியிருந்தது. கடித்துக்கொண்டிருக்கும்போதே, “சும்மா கேரட்தான் தின்னுக்கிட்டிருக்கா, குடுக்கறேன்” என்று போனைக் கொடுத்தார்கள்.

“உன்னால எனக்கும் கேரட் வருதுடீ,” என்றாள் ரெய்லீன். “அடுத்த வட்டம் எனக்குத்தான். நான் பாக்கெட்டோட போய் உக்காருவேன். ஏட்ரியன் அழுது முடிக்கறதுக்குள்ள பாக்கெட்டக் காலி பண்ணிடுவேன்.”

புதன்கிழமை பில்யானா ஆஸ்பத்திரித் திருப்பம்வரை போனாள். அங்கே வண்டியைத் திருப்பாமல் நேரே கடற்கரைக்கு விட்டாள். அங்கே பாறை ஓரமாகக் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று. அலை பெரிதாக வந்தால் சுவரைத் தாண்டி உள்ளே கொட்டும். அவள் அம்மா வயதுப் பெண்கள் தலையில் தொப்பியும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக, கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு மாசிடோனிய மொழியில் மருமகள்களைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பில்யானா மல்லாந்து மிதந்தாள். காது தண்ணீருக்குள் போனதும் உலகமே வாயை மூடிக்கொண்டது.

சில புதன்கிழமைகள் இப்படிப் போயின. ஒருநாள் மிதந்துகொண்டே வந்தவளின் தலை இன்னொரு தலையில் முட்டியது. மஞ்சள் ரப்பர்த் தொப்பி.

“மன்னிச்சு...” என்று ஆரம்பித்த மஞ்சள் தொப்பி பாதியில் நின்றது.

“க்ளெனிஸ்?”

புதன்கிழமை மத்தியானம் க்ளெனிஸ் வட்டார மேலாளர்கள் கூட்டத்தில் இருப்பாள். எல்லோருக்கும் தெரியும். அவள் அறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கும். பில்யானா குளத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“மத்த மேலாளருங்க எல்லாம் எங்க? இன்னும் முழுகித்தான் இருக்காங்களா?”

க்ளெனிஸின் முகம் தொப்பிக்குக் கீழே தக்காளி ஆனது. “நீ ஆலோசனைக்குப் போகணுமே.”

“நீங்க கூட்டத்துக்குப் போகணுமே.”

ஒரு அலை சுவரைத் தாண்டி வந்து இருவர் தலையிலும் கொட்டியது. இருவரும் தண்ணீரைத் துப்பினார்கள். அதற்குப் பிறகு அதிகாரம் பேசுவது கஷ்டம்.

“எத்தன நாளா?” என்றாள் பில்யானா.

“கேக்காத. அப்படி ஒரு கூட்டமே கெடயாது. என்னிக்கோ நின்னுபோச்சு. நிறுத்திட்டாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல.” க்ளெனிஸ் குரலைத் தாழ்த்தினாள். “இது இல்லன்னா நான் எப்பவோ பைத்தியம் ஆயிருப்பேன், கண்ணு.”

“அப்ப உங்க மேல இருக்கறவங்ககிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா குடுப்பாங்களா?”

“நான் கேட்டேனே. நீங்க குடுக்கலையே.”

க்ளெனிஸ் தண்ணீரைக் கையால் அளைந்தாள். பிறகு மறுபடியும் மேலாளர் ஆனாள். “இதெல்லாம் கேட்டு வாங்கற விஷயம் இல்ல, பில்யானா. ஓசைப்படாம எடுத்துக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான். பாரு, மாசக் கடைசியில உனக்கு ஒரு சின்ன விழா வெக்கறோம். சிகரெட்ட விட்டதுக்கு. நிர்வாகக் குழுவுலருந்து ஆளுங்க வர்றாங்க. இமோஜென் உன் கதைய அவ கட்டுரையில போடணும்ங்கறா. நீ எழுந்து நின்னு ரெண்டு வார்த்த நன்றி சொல்லு. அப்புறம் இந்தப் புதன்கிழமை எப்பவும் உன்னோடது. நீ என்னைப் பாக்கல, நான் உன்னைப் பாக்கல. சரியா?”

நல்ல பேரம்தான். பில்யானா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூழ்கி, அந்தப் பக்கம் போய் எழுந்தாள்.

*

விழாவுக்கு முந்தின நாள் கெர்ரி வந்தாள். நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானம் கடந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து பில்யானாவின் வயிற்றில் கேரட் மட்டும்தான். மேஜைமேல் அலுவலக போன் உறுமி உறுமி ஓய்ந்தது. புதன்கிழமை மிதந்ததெல்லாம் வியாழக்கிழமையே உலர்ந்துபோயிருந்தது. பில்யானா தலையாட்டினாள். “ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்” என்றாள்.

கெர்ரி நிறுத்தினாள்.

“மறுபடியும் போயிட்ட, இல்ல?”

இந்த முறை கைப்பையை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பொறுமையாக உட்கார்ந்து, இவள் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தாள். உதவி கேட்டு வந்தவள், உதவி செய்கிறவளுக்காகக் காத்திருந்தாள். பில்யானாவுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

அன்று சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்தபடி அவள் அப்பாவை நினைத்துக்கொண்டாள். உருக்காலையில் மத்தியானம் சங்கு ஊதும். ஊதினால் அப்பா கையுறையைக் கழற்றிப் போட்டுவிடுவார். “சங்கு ஊதினப்புறம் என்னைக் கூப்பிட்ட ஃபோர்மேன் பொறக்கவே இல்ல” என்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாடு தாமதமானால் இரண்டு கையையும் வாயில் குவித்து அதே சங்கை ஊதுவார். அம்மா கரண்டியோடு ஓடிவந்து திட்டுவாள். அந்தச் சங்கை யாரும் அவர்களுக்குத் தானம் கொடுக்கவில்லை. அவருக்கு முந்தின ஆட்கள் வேலையை நிறுத்தி வாங்கியது. சங்கு இருந்த வீட்டிலிருந்து அவள் படித்து, முன்னேறி, சங்கு இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். இங்கே கூழாங்கல் படம்தான் இருக்கிறது. அதையும் பார்க்க நேரமில்லை.

வண்டியைக் கிளப்பும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அம்மா பார்த்திருந்தால், “என்னடீ பண்ணப் போற?” என்று பயந்திருப்பாள்.

*

விழாவையும் மத்தியானம்தான் வைத்தார்கள். வேலை கெடக் கூடாதே.

நடுவில் ஒரு வெள்ளைக் கேக். அதன்மேல் சர்க்கரையில் செய்த சிகரெட், குறுக்கே சிவப்புக் கோடு. நிர்வாகக் குழுவிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பேர் வந்திருந்தார்கள். இமோஜென் ஒரு கையில் போனும் மறு கையில் கேக் தட்டுமாக, எந்தக் கையால் யாரைப் படம் எடுப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தாள். ஏட்ரியன் முன்கூட்டியே அழுதுகொண்டிருந்தான்.

“பேசு, கண்ணு,” என்றாள் க்ளெனிஸ். கண்ணால் வேறொன்றையும் சொன்னாள்.

பில்யானா எழுந்தாள்.

“எல்லாருக்கும் நன்றி. நான் இதுவரைக்கும் ஒரு சிகரெட்கூடப் பிடிச்சதில்ல.”

“இனிமேலும் பிடிக்க மாட்டா!” என்று ஏட்ரியன் கை தட்டினான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

“மத்தியானம் அரை மணி நேரம் கேட்டேன். கெடைக்கல. சிகரெட் பிடிக்கறவங்கள யாரும் கூப்பிடறதில்லன்னு பாத்தேன். அதனால கையில ஒண்ண வெச்சுக்கிட்டு நின்னேன். அந்த நேரத்துலதான் நான் சாப்பிட்டேன். அதனாலதான் நல்லா வேலை செஞ்சேன். நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க. இப்ப மறுபடியும் மோசமா செய்யறேன். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள்கூடப் போகல. புதன்கிழமைங்கள்ல குளத்துல மெதந்துக்கிட்டிருந்தேன்.” க்ளெனிஸ் மூச்சைப் பிடித்தாள், யாரும் பிடிக்கச் சொல்லாமலே. “குளத்துல வேற யார் யார் வந்தாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேன். அந்தப் புதன்கிழமைய நான் திருப்பிக் குடுத்துடறேன். எனக்குப் பொய்யில ஒரு மணி நேரம் வேணாம். உண்மையில அரை மணி நேரம் போதும்.”

கழுத்துப்பட்டைகளில் ஒன்று தொண்டையைச் செருமியது. “இத ஒரு கோரிக்கையா எழுதிக் குடுத்தீங்கன்னா, அடுத்த கூட்டத்துல...”

“கோரிக்கை இல்ல. அத ஏற்கெனவே வெச்சுப் பாத்துட்டேன். இது தகவல்.”

அவள் சட்டைப்பையிலிருந்து அந்த மஞ்சள் சிகரெட்டை எடுத்தாள். பிறந்தநாள் மெழுகுவர்த்தியைப்போல அதைக் கேக்கின் நடுவில் நட்டாள். பக்கத்தில், வெண்ணெய்ப் பூச்சின்மேல், அலுவலக போனை வைத்தாள். அது உடனே உறும ஆரம்பித்தது. உறுமி உறுமிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேக்குக்குள் இறங்கியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

பில்யானா இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

“ஊஊஊஊ...ங்ங்!”

நல்ல பலமான சங்கு. அப்பாவின் மகள்தான். கழுத்துப்பட்டைகள் இரண்டும் நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தன. இமோஜெனின் கையிலிருந்து தட்டு நழுவியது. அந்தத் தெருவில் பாதிப் பேர் உருக்காலைக் குடும்பங்கள். எதிரிலிருந்த ரொட்டிக் கடைக்காரர் பழக்க தோஷத்தில் மேலங்கியை அவிழ்த்ததை ஜன்னல் வழியே பார்க்க முடிந்தது.

அவள் தன் மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்து பூரெக் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். குளத்துக்குக் கொண்டுபோகிற துண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பில்யானா,” க்ளெனிஸ் பின்னாலேயே வாசல்வரை வந்துவிட்டாள். பேச்சில் அந்தக் ‘கண்ணு’ மட்டும் காணாமல் போயிருந்தது. “நில்லு. இது என்ன? லீவா, ராஜினாமாவா?”

“ரெண்டும் இல்ல. சாப்பாடு.”

“குழுவுல இத விடமாட்டாங்க. உன்னை வேலையவிட்டு எடுக்கச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“எடுங்க. காரணம்னு எழுதற எடத்துல ‘மத்தியானம் சாப்பிட்டாள்’னு தெளிவா எழுதுங்க. எங்க அம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டணும்.”

க்ளெனிஸ் திரும்பி உள்ளே பார்த்தாள். பிறகு வெளியே, தெரு முனையில் தெரிந்த கடலைப் பார்த்தாள்.

வரவேற்பு மேஜையில் போன் அடித்தது. ரெய்லீன் எடுத்தாள்.

“பில்யானாவா? வெளிய போயிருக்கா. இல்லைங்க, சிகரெட் இல்ல. சாப்பிட. ஆமாங்க, வாயில போட்டு மெல்லுவாங்களே, அது. நாளைக்கா? நாளைக்கும் இதே நேரம் இருக்க மாட்டா.” வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “சரியாடீ? நாளைக்கும்தானே?”

பில்யானா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். பொட்டலத்தைப் பிரித்து முதல் கடியைக் கடித்துக்கொண்டு, கதவைத் தள்ளித் தெருவில் இறங்கி, கடல் இருக்கிற பக்கமாக நடந்தாள்.